'கொஞ்சம் பொறு' என்று சொன்ன பிறகு...



"அம்மா, விளையாட வா!" "அஞ்சு நிமிஷம் பொறு கண்ணு, இதோ வந்துடறேன்." இந்த உரையாடல் நம் வீடுகள் பலவற்றில் நாள்தோறும் கேட்கிறது. அம்மா மடிக்கணினியின் முன் அமர்ந்திருக்கிறார். அலுவலகக் கூட்டம் நடந்துகொண்டிருக்கிறது. மூன்று வயதுப் பிள்ளை துப்பட்டாவைப் பிடித்து இழுக்கிறது. ஐந்து நிமிடம் பத்தாகிறது, பத்து நாற்பதாகிறது. பிள்ளை அழுகிறது. அம்மா அதட்டுகிறார். கடைசியில் கைபேசி பிள்ளையின் கைக்குப் போகிறது. வீடு அமைதியாகிவிடுகிறது. ஆனால் பெற்றோரின் மனம் அமைதியாவதில்லை.

2020ஆம் ஆண்டு ஊரடங்கில்தான் 'வீட்டிலிருந்தே வேலை' என்பது பலருக்கும் அறிமுகமானது. ஆனால் நம் ஊர்களில் அது புதியதல்ல. தையல் இயந்திரத்தை வீட்டுக் கூடத்திலேயே வைத்திருக்கும் தாய்மார், பூக்கட்டுகிறவர்கள், தென்காசி, திருநெல்வேலிப் பக்கம் பீடி சுற்றுகிறவர்கள், மாலையில் டியூஷன் எடுப்பவர்கள் என்று பலர் காலம் காலமாக வீட்டில்தான் உழைக்கிறார்கள். வேலை எதுவானாலும் கேள்வி ஒன்றே. உழைக்கவும் வேண்டும், பிள்ளையும் மகிழ்ச்சியாக இருக்க வேண்டும். இதற்கு என்ன வழி? இன்று இதைப் பற்றிச் சிந்திப்போம்.

பிள்ளை ஏன் நச்சரிக்கிறது என்பதை முதலில் புரிந்துகொள்வோம். மூன்று வயதுப் பிள்ளைக்குக் கடிகாரம் தெரியாது. ஐந்து நிமிடத்துக்கும் ஒரு மணி நேரத்துக்கும் வேறுபாடு தெரியாது. அதற்குத் தெரிந்தது ஒன்றுதான்: அம்மா வருகிறேன் என்றார், வந்தாரா? அப்பா சொன்னார், செய்தாரா? சொன்னபடி நாம் வராமல் போனால், 'பொறு' என்ற சொல்லுக்குப் பொருள் இல்லை என்று பிள்ளை கற்றுக்கொள்கிறது. அழுதால்தான் வருவார்கள் என்பதையும் கற்றுக்கொள்கிறது. ஆகவே, பிள்ளைக்கு எந்த விளையாட்டுப் பொருளைக் கொடுப்பது என்பதைவிட, நம் சொல்லை எப்படிக் காப்பாற்றுவது என்பதே முக்கியம்.

இதற்குச் சில எளிய வழிகள் உண்டு.

முதலாவது, கேட்பதற்கு முன் கொடுப்போம். வேலை தொடங்குமுன் பதினைந்து நிமிடம் பிள்ளையோடு தரையில் உட்காருவோம். கைபேசி வேறு அறையில் இருக்கட்டும். என்ன விளையாட்டு என்பதைப் பிள்ளையே சொல்லட்டும். பால், தண்ணீர், கழிப்பறை எல்லாம் அப்போதே முடியட்டும். மனமும் வயிறும் நிறைந்த பிள்ளைக்குக் காத்திருப்பது எளிது.

இரண்டாவது, காத்திருக்கும் நேரத்தைப் பிள்ளையின் கண்ணுக்குக் காட்டுவோம். சுவர்க் கடிகாரத்தில் ஒரு சிறு ஸ்டிக்கரை ஒட்டி, "பெரிய முள் இங்கே வந்ததும் அம்மா வருவேன்" என்று சொல்லலாம். முதலில் பத்து நிமிடம் போதும். முள் அங்கே வந்ததும், வேலை பாதியில் நின்றாலும் எழுந்து போய் ஒரு முறை அணைத்துவிட்டு வருவோம். சில நாள் இப்படிச் செய்தால் பிள்ளை நம்பத் தொடங்கும். பிறகு பதினைந்து, இருபது என்று மெல்லக் கூட்டலாம். கூட்டத்தின் நடுவே எழ முடியாது என்று தெரிந்தால், முடியாததை முன்னதாகவே வாக்களிக்காமல் இருப்போம். தவறிவிட்டால் மன்னிப்புக் கேட்போம். பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பதால் நம் மதிப்பு குறையாது.

மூன்றாவது, வேடிக்கையை மட்டுமல்ல, வேலையையும் கொடுப்போம். இத்தாலி நாட்டு மருத்துவர் மரிய மாண்டிசோரியை நாம் அறிவோம். உரோமை நகரில், சான் லொரென்சோ என்ற ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் பெற்றோர் வேலைக்குப் போனபின், தனியே விடப்பட்ட சிறு பிள்ளைகள் சுவரையும் படிக்கட்டையும் பாழாக்கிக்கொண்டிருந்தார்கள். அவர்களைக் கவனித்துக்கொள்ளத்தான் 1907 ஜனவரி 6, திருக்காட்சிப் பெருவிழாவன்று, அவர் தம் முதல் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கினார். அங்கே சுமார் மூன்று வயதுச் சிறுமி ஒருத்தி, மரக்கட்டையின் குழிகளில் உருளைகளைப் பொருத்துவதும் எடுப்பதுமாக இருந்தாள். சுற்றிலும் மற்றப் பிள்ளைகளைப் பாடச் சொன்னார் மாண்டிசோரி. அவள் நிமிரவில்லை. நாற்காலியோடு தூக்கி மேசைமேல் வைத்தார். அப்போதும் உருளைகளை மடியில் வைத்துக்கொண்டு தொடர்ந்தாள். நாற்பது முறைக்கும் மேல் செய்தபின், தானே நிறுத்திப் புன்னகையோடு நிமிர்ந்தாள். மாண்டிசோரி 1939இல் சென்னைக்கு வந்து, அடையாற்றில் நம் ஆசிரியர்களுக்கும் பயிற்சி அளித்தவர்.

இந்தச் சிறுமி நமக்குச் சொல்வது என்ன? கைக்கும் கண்ணுக்கும் பொருத்தமான வேலை கிடைத்தால், பிள்ளை தானாகவே அதில் ஆழ்ந்துவிடும். அதற்கு விலை உயர்ந்த பொருள் தேவையில்லை. பச்சைப் பட்டாணி உரிப்பது, கறிவேப்பிலை உருவுவது, துவைத்த துணியில் காலுறைகளை ஜோடி சேர்ப்பது, துணிக் கிளிப்புகளைக் கயிற்றில் மாட்டுவது, சிலேட்டில் கிறுக்குவது, சொப்புச் சாமான்களைக் கழுவித் துடைப்பது எல்லாமே பிள்ளைக்குப் பெரிய வேலைதான். பெரிய அட்டைப் பெட்டி ஒன்று கிடைத்தால் அது ஒரு நாள் பேருந்தாகும், மறுநாள் கோவிலாகும். நாம் தைக்கும்போது பக்கத்தில் உட்கார்ந்து வெட்டுத் துணிகளை நிறம் நிறமாகப் பிரிக்கும் பிள்ளை, 'அம்மாவோடு நானும் வேலை செய்கிறேன்' என்று மகிழ்கிறது. பட்டாணி சிந்தட்டும், காலுறை மாறட்டும். நாம் குறை சொல்லாமல் இருந்தாலே போதும். ஆனால் இது விளையாட்டு வேலையாகவே இருக்கட்டும். பீடி, தீப்பெட்டி போன்ற கூலி வேலைகளில் பிள்ளையின் கை படவே கூடாது.

இருக்கும் விளையாட்டுப் பொருள்களையும் மூன்று பங்காகப் பிரித்து, ஒரு பங்கை மட்டும் வெளியே வைத்து, மற்றவற்றைப் பரண்மேல் வைப்போம். வாரம் ஒருமுறை மாற்றினால் பழையதும் புதிதாகத் தோன்றும். முக்கியமான கூட்டம் அல்லது அவசர வேலை வரும்போது மட்டும் எடுத்துத் தரும் ஒரு கூடையைத் தனியே வைத்திருப்பதும் நல்லது.

பாதுகாப்பை மறக்க வேண்டாம். எதையும் வாயில் போடும் வயதில் புளியங்கொட்டை, மணி, பட்டாணி, பொத்தான் எதுவும் கையில் கொடுக்கக் கூடாது, தொண்டையில் அடைத்துக்கொள்ளும். வாளியில் ஒரு சாண் தண்ணீர்கூடச் சிறு குழந்தைக்கு ஆபத்து. ரிமோட், பொம்மை ஆகியவற்றில் இருக்கும் சிறு வட்ட பேட்டரியை விழுங்கினால் இரண்டு மணி நேரத்துக்குள்ளேயே உணவுக்குழாய் புண்ணாகிவிடலாம். உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும். ஊசி, கத்தரிக்கோல், இஸ்திரிப் பெட்டி எட்டாத இடத்தில் இருக்கட்டும். பிள்ளை தனியாக விளையாடலாம். ஆனால் நம் கண்ணும் காதும் எட்டும் இடத்தில்தான் விளையாட வேண்டும்.

கைபேசியை என்ன செய்வது? உலக நலவாழ்வு நிறுவனம் 2019இல் தந்த வழிகாட்டுதலின்படி, இரண்டு வயது நிறையாத குழந்தைகளுக்குத் திரை வேண்டாம். இரண்டு முதல் நான்கு வயது வரை ஒரு நாளைக்கு 1 மணி நேரத்துக்கு மேல் கூடாது. குறைந்தால் இன்னும் நல்லது. ஓடியாடும் நேரமோ நாளெல்லாம் சேர்த்து 3 மணி நேரமாவது வேண்டும். காய்ச்சலோ தலைவலியோ வந்த ஒரு நாளில் கூடுதலாகக் காட்டிவிட்டோம் என்றால், அதற்காக நம்மையே தண்டித்துக்கொள்ள வேண்டாம். மறுநாள் மீண்டும் தொடங்குவோம். திருத்தந்தை பிரான்சிஸ் 2016இல் வெளியிட்ட 'அன்பின் மகிழ்வு' என்ற திருத்தூது ஊக்கவுரையில், விரும்பியது உடனே கிடைக்கவேண்டும் என்று எண்ணாமல் காத்திருக்கப் பிள்ளைகளுக்குக் கற்றுக்கொடுப்பது குடும்பத்தின் முக்கியமான பணி என்கிறார். கைபேசி காத்திருத்தலை மறக்கச் செய்கிறது. காப்பாற்றப்படும் வாக்கோ காத்திருக்கக் கற்றுத் தருகிறது.

இன்னொன்றும் உண்டு. இதெல்லாம் தாயின் பொறுப்பு மட்டுமல்ல. கணவனும் மனைவியும் வீட்டில் வேலை செய்தால், யாருக்கு எப்போது முக்கியமான வேலை என்று முந்தின இரவே பேசி, மாறி மாறிப் பிள்ளையைக் கவனிக்கலாம். தாத்தா பாட்டி இல்லாத வீடுகளுக்கு நம் அன்பியக் குடும்பங்கள் துணை நிற்கலாம். நன்கு அறிந்த இரண்டு வீட்டார் வாரத்தில் ஒரு மாலை இவர்களிடம், ஒரு மாலை அவர்களிடம் என்று பிள்ளைகளை விட்டுப் பார்த்துக்கொண்டால், அதுவும் அன்பியப் பணிதான்.

மாற்கு நற்செய்தி பத்தாம் அதிகாரத்தில், சிறு பிள்ளைகளை இயேசுவிடம் கொண்டு வந்தவர்களைச் சீடர்கள் அதட்டுகிறார்கள். அவர்கள் கெட்டவர்கள் அல்ல. ஆண்டவருக்கு முக்கியமான வேலை இருக்கிறது, பிள்ளைகள் இடையூறு என்று நினைத்தார்கள். ஆண்டவரோ சீடர்கள்மேல் கோபம்கொண்டார். பிள்ளைகளை அணைத்து, கைகளை அவர்கள்மேல் வைத்து ஆசி வழங்கினார். அதன்பின் தம் பயணத்தைத் தொடர்ந்தார். வேலை நின்றுவிடவில்லை.

பிள்ளைக்காகத்தான் உழைக்கிறோம் என்று நாம் சொல்கிறோம். அது உண்மைதான். நம் உழைப்பின் பயன் பிள்ளைக்குப் பிறகு புரியும். ஆனால் நாம் சொன்ன நேரத்துக்கு வந்தோமா என்பது அதற்கு இன்றே புரிகிறது. நாளை காலை வேலையைத் தொடங்குமுன், காப்பாற்றக்கூடிய ஒரு சிறிய வாக்கை நம் பிள்ளைக்குக் கொடுப்போம். பெரிய முள் அந்த இடத்துக்கு வரும்போது எழுந்து போவோம்.