கூரை தந்த மின்சாரத்துக்கு என்ன கிரயம்?

வீட்டுக் கூரையில் பதித்த சூரியப் பலகைகள் நண்பகலில் உற்பத்தி செய்து, வீட்டுத் தேவைக்கு மிஞ்சியதாகக் கம்பி வழியே ஊருக்குள் பாயும் மின்சாரத்துக்கு மின் விநியோக நிறுவனம் என்ன கிரயம் தருவது நியாயம் என்பது கலிபோர்னியா மாகாணத்தில் நெடுங்கால விவாதம்.

1995-இல் இயற்றிய சட்டப்படி, அனுப்பிய யூனிட் வாங்கிய யூனிட்டுக்குச் சமமாகக் கழிக்கப்பட்டது. பலகைகள் அரிதாயிருந்த நாளில் அது பிரயோஜனமான ஏற்பாடே. ஆனால் சில்லறை விலையில் கம்பங்கள், கம்பிகள், காட்டுத்தீத் தடுப்பு ஆகியவற்றின் செலவும் அடங்கியிருப்பதால், கூரைப் பலகையுடையோர் செலுத்தாத பாகம், வாடகை வீட்டு ஏழைகள் உள்ளிட்ட ஏனையோர் தலையில் ஏறுகிறது.

பழைய ஏற்பாட்டை மாற்ற அதனினும் நுட்பமான காரணம் ஒன்றுண்டு. மின்சாரம் சேமிக்காவிட்டால் உண்டான கணத்திலேயே செலவழிந்தாக வேண்டிய பண்டமாதலால், எண்ணற்ற கூரைகள் ஒரே நண்பகலில் அதைப் பொழியும்போது அதன் மதிப்பு வீழ்ந்து, சில வசந்தகாலப் பகல்களில் மொத்தச் சந்தை விலை பூஜ்யத்துக்கும் கீழே போய்விடுகிறது. சூரியன் சாய்ந்து விளக்குகள் எரியும் அந்தியிலோ, எரிவாயு நிலையங்களை விரைந்து இயக்க நேர்வதால், அதே யூனிட் அருமையான பொருளாகிறது.

ஆகவே மாகாணப் பொதுப் பயன்பாட்டு ஆணையம், 2022 டிசம்பரில் பிறப்பித்த உத்தரவின் மூலம், 2023 ஏப்ரல் 15 முதல் விண்ணப்பித்தோருக்கு, அந்தந்த மணி நேரத்தில் நிறுவனத்துக்கு மிச்சமாகும் செலவையே கிரயமாக நிர்ணயித்தது. சராசரி வரவு ஏறத்தாழ முக்கால் பங்கு குறைந்தது. தத்துவம் சரியென்றே எண்ணுகிறேன். ஆயினும் இவ்வளவு பெரிய குறைப்பை ஒரே படியில் இறக்கியது, பலகை நிறுவும் தொழிலாளருக்கு இழைத்த அநீதியே. பகல் மின்சாரத்தைப் பாட்டரியில் சேமித்து அந்தியில் விடுவோருக்குப் புதிய முறை கூடுதல் பலன் தருகிறது. முன்பே இணைந்தோருக்கோ, இணைந்த நாள்முதல் 20 ஆண்டுகள் பழைய ஏற்பாடே நீடிக்கும்.