உங்களுக்குத் தெரியுமா? தண்ணீருக்கு எழுப்பிய மண்டபம்

அரியாங்குப்பம் பாலத்தைத் தாண்டிப் புதுச்சேரி நகரத்துக்குள் போனால், பாரதி பூங்காவின் நடுவில் வெள்ளை வெளேரென்று நிற்கிறதே ஆயி மண்டபம், அது எந்த அரசனுக்கும் எந்தப் போர் வெற்றிக்கும் கட்டியது அல்ல. ஊருக்குக் குடிதண்ணீர் வந்ததன் நினைவாக, மூன்றாம் நெப்போலியன் ஆட்சிக்காலத்தில் (1852–1870) எழுந்தது. முத்திரையர்பாளையத்து ஊற்றுநீரை நகரத்துக்குக் கொண்டுவந்தவர் லாமரெஸ் என்ற பிரெஞ்சுப் பொறியாளர்.

மண்டபத்துக்குப் பெயர் தந்த ஆயி யார்? 16ஆம் நூற்றாண்டுத் தாசி என்கிறது செவிவழிக் கதை. விளக்கொளியில் மின்னிய அவள் மாளிகையைக் கோயில் என்று எண்ணிக் கும்பிட்டாராம் கிருஷ்ணதேவராயர். உண்மை தெரிந்ததும் இடிக்கச் சொல்லிவிட்டார். ஆயி கெஞ்சிக் கேட்டு, தன் கையாலேயே அதை இடித்து, அங்கே குளம் வெட்டினாள். கதையோ வரலாறோ, நம்மைப் பொறுத்தவரை தாகம் தீர்த்தவள் அவள்தான். புதுச்சேரி அரசின் சின்னத்தில் இருப்பதும் இதே மண்டபம்.

தண்ணீரைக் கட்டி ஆண்ட கதை அரியாங்குப்பத்துக்கும் உண்டு. ஆற்றங்கரை அரிக்கமேட்டில் 1945இல் தொல்லியலாளர் மார்ட்டிமர் வீலர் தோண்டியபோது செங்கல் தொட்டிகளும் வடிகால்களும் வெளிப்பட்டன. துணிக்குச் சாயம் தோய்த்த தொட்டிகள் என்று அவர் கருதினார்.