கதவுக்குள் ஒரு தாள்

சரக்கைக் கவனிக்கிற அளவுக்குச் சரக்கு ஏற்றும் வண்டியை நாம் கவனிப்பதில்லை. அதனால் எங்களுக்கு நேர்ந்ததைச் சொல்கிறோம்.

சென்ற ஆண்டு ஐப்பசியில் எங்கள் லோடு வண்டியின் இடது கதவுக் கண்ணாடி பாதியில் நின்றுவிட்டது. பட்டறையில் விட்டு மாலையே எடுத்து வந்தோம். அடுத்த மழையில், பத்திரமாக இருக்கட்டும் என்று முன்னால் காலடியில் வைத்திருந்த 5 கிலோ ஏலக்காய் நனைந்து வந்தது. கண்ணாடியை இறக்கிவிட்டிருப்பான் என்று ஓட்டுநர் தம்பியைக் கடிந்துகொண்டோம். "ஏத்தித்தான் வச்சிருந்தேன் முதலாளி" என்றான். நம்பவில்லை. நஷ்டத்தில் பாதியைச் சம்பளத்தில் பிடிப்பதாகவும் சொல்லிவிட்டோம்.

பிறகு வேறொரு மெக்கானிக் கதவின் உள்பலகையைக் கழற்றிக் காட்டினார். கண்ணாடி ஓரமாக மழைநீர் கதவுக்குள் இறங்குவது இயல்பு. அடியிலுள்ள சிறு துளைகள் வழியே அது வெளியேறிவிடும். உள்ளே வராமல் தடுப்பது பலகைக்குப் பின்னால் ஒட்டியுள்ள பிளாஸ்டிக் தாள். எங்கள் வண்டியில் அந்தத் தாளே இல்லை! முன்பு கழற்றியவர் கிழித்துப் போட்டுவிட்டார். துளைகளிலும் மாவுத்தூசியும் மண்ணும் அடைத்திருந்தன.

பலகையைக் கழற்றும் முறையையும் அன்று பார்த்துக்கொண்டோம். முதலில் கைப்பிடி ஸ்க்ரூக்கள். கண்ணாடி சுற்றும் கைப்பிடிக்குப் பின்னால் பல வண்டிகளில் ஒரு கம்பி கிளிப் இருக்கும். இடையில் துணியை விட்டு இப்படியும் அப்படியும் இழுத்தால் வந்துவிடும். தெறித்து ஓடும், கவனம். அடுத்து ஓரக் கிளிப்புகளை ஒவ்வொன்றாக நெம்பி, பலகையை மேல்நோக்கித் தூக்கி எடுக்க வேண்டும். ஒயர் இருந்தால் இழுக்காமல் கழற்ற வேண்டும். தாளைக் கிழிக்காமல் மெதுவாக உரிக்க வேண்டும்.

மூடுவதற்கு முன் கண்ணாடியையும் பூட்டையும் இயக்கிப் பாருங்கள். துளைகளைக் குத்திச் சுத்தம் செய்யுங்கள். தாளை இடைவெளியின்றி ஒட்டச் சொல்லுங்கள். கிழிந்திருந்தால் கெட்டியான பாலித்தீன் தாளை வெட்டிப் போடலாம். உடைந்த கிளிப்புக்குப் புதியது வாங்கிக் கொடுங்கள்.

அந்தத் தம்பியிடம் வருத்தம் தெரிவித்தோம். சம்பளத்தையும் முழுமையாகக் கொடுத்தோம். ஏலக்காயின் நஷ்டம் அந்த மாதக் கணக்கோடு போயிற்று. சொன்ன சொல்லைத் திரும்ப எடுக்க முடியவில்லை. வண்டியைப் பட்டறையில் விட்டால், பக்கத்தில் ஒருவர் நின்று பாருங்கள்.