மண்ணுக்குள் கிடக்கும் விமானக் குண்டு: தோட்ட மக்கள் அறிய வேண்டியவை

போர் விமானத்தின் தானியங்கிப் பீரங்கிக் குண்டு, பார்வைக்குப் பெரிய துப்பாக்கித் தோட்டாவைப் போலத்தான் இருக்கும். ஆபத்தும் அந்தத் தோற்றத்தில்தான் தொடங்குகிறது. துப்பாக்கித் தோட்டாவின் முனை பெரும்பாலும் வெறும் உலோகம். 20 மி.மீ. விட்டமுள்ள பீரங்கிக் குண்டின் முனைக்குள்ளோ வெடிமருந்தும், மோதியதும் அதை வெடிக்கச் செய்யும் கருவியும் இருக்கக்கூடும்.

மலாயாப் போரில் ஜப்பானியக் கடற்படையின் ஜீரோ விமானங்கள் 20 மி.மீ. பீரங்கிகளோடு பறந்தன. மலாக்கா 1942 ஜனவரி நடுவில் ஜப்பானியரிடம் வீழ்ந்தது. பிறகு 1948 முதல் 1960 வரை நீடித்த மலாயா அவசரகாலத்தில், பிரிட்டிஷ் விமானப்படையின் டெம்பெஸ்ட், ஹார்னெட், வெனம் விமானங்கள் நான்கு ஹிஸ்பானோ பீரங்கிகள் வீதம் சுமந்தன. ஹிஸ்பானோ குண்டு உறையோடு ஒரு சாணுக்குச் சற்றுக் குறைந்த நீளம். மலாக்காவின் ஜாசின் மாவட்டத்து ஆசாஹானில் இராணுவச் சுடுபயிற்சித் தளமும் உண்டு. பழைய இரும்பு பொறுக்க அங்கே நுழைவது உயிரோடு விளையாடுவதாகும்.

பழைய செம்பனையைச் சாய்த்து மறுநடவுக்கு மண் கிளறும்போதும், கான் வெட்டும்போதும் இத்தகைய பொருள் வெளிப்படலாம். பித்தளை உறை பச்சை பூத்திருக்கும். குண்டின் இடுப்பில் செம்பு வளையம் தெரியும். துரு ஏறியதால் வீரியம் போய்விட்டது என்று எண்ணுவது தவறு. சுடப்பட்டும் வெடிக்காத குண்டு சிறு தட்டலுக்கும் வெடிக்கலாம். கழுவுவது, சுத்தியலால் தட்டுவது, குப்பையோடு எரிப்பது, பழைய இரும்புக் கடைக்குக் கொண்டுபோவது எதுவும் கூடாது.

நினைவுப் பொருளாக வீட்டில் வைப்பதும் குற்றமே. உரிமமின்றித் தோட்டா வைத்திருந்தால், மலேசியாவின் 1960ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 8ஆம் பிரிவின்படி 7 ஆண்டு வரை சிறை, 10,000 ரிங்கிட் வரை அபராதம் அல்லது இரண்டும் கிடைக்கலாம். கைதானவருக்குக் காரணத்தை அறியவும் வழக்கறிஞரைக் கலந்துபேசவும் அரசியலமைப்பின் 5ஆம் பிரிவு உரிமை தருகிறது.

“தூக்கிப் போட்டுவிட்டு வேலையைப் பார்” என்று மண்டோர் சொன்னால் தொழிலாளி பணிய வேண்டியதில்லை. 2024 ஜூன் 1 முதல் நடப்பிலுள்ள வேலையிடப் பாதுகாப்புச் சட்டத் திருத்தத்தின்படி, உடனடி ஆபத்தை முதலாளி அகற்றாவிட்டால் தொழிலாளி அங்கிருந்து விலகலாம். அதற்காக அவரைத் தண்டிக்க முடியாது. வேலையில் காயம்பட்டால் முதலாளி 48 மணி நேரத்துக்குள் சமூகப் பாதுகாப்பு நிறுவனமான சொக்சோவுக்குத் தெரிவிக்க வேண்டும். வெளிநாட்டுத் தொழிலாளருக்கும் 2019 முதல் இந்தப் பாதுகாப்பு உண்டு.

கண்ட இடத்திலேயே விட்டுவிடுங்கள். தூரத்தில் அடையாளம் வைத்து, மற்றவர்களை விலக்கி, 999ஐ அழையுங்கள். அகற்றுவது காவல்துறை வெடிகுண்டு அழிப்புப் பிரிவின் வேலை.