பனி தள்ளும் டிரக்: பிளேடு பெரிதா, அச்சு பெரிதா?

அமெரிக்காவின் நியூயார்க் மாநிலத்தில், ஈரி ஏரியின் கிழக்கு முனையில் இருக்கிறது பஃபலோ நகரம். குளிர்காலத் தொடக்கத்தில், கோடையின் சூடு இன்னும் முழுதாக இறங்காத ஏரித் தண்ணீரின் மேல் உறைகுளிர்க் காற்று கடந்து வரும்; வழியெல்லாம் ஈரத்தை அள்ளி, கரையேறியதும் பனியாகக் கொட்டிவிடும். 2022 நவம்பரில் பஃபலோவை ஒட்டிய ஆர்ச்சர்ட் பார்க்கில் சில நாட்களுக்குள் 6 அடிக்கு மேல் பனி விழுந்தது. இத்தகைய ஊர்களில் பெரிய சாலைகளை அரசின் கனரக லாரிகள் பார்த்துக்கொள்ளும். கடை முகப்பு, அலுவலகங்களின் கார் நிறுத்துமிடம், வீட்டு டிரைவ்வே ஆகியவற்றைத் துப்புரவாக்குவது பெரும்பாலும் சிறு ஒப்பந்தக்காரர்களின் வேலை. கோடையில் தோட்டவேலைக்கோ கட்டட வேலைக்கோ ஓடும் அதே பிக்கப் டிரக்கின் முன்னால் ஸ்னோ ப்ளோ என்ற பிளேடை மாட்டிக்கொண்டு அவர்கள் இறங்குகிறார்கள். எந்த பிளேடை வாங்குவது என்று கேட்டால் பலரும் அகலத்தையும் உயரத்தையும் விலையையும் ஒப்பிடத் தொடங்குவார்கள். ஆனால் பிளேடு தானாக எதையும் தள்ளுவதில்லை, தள்ளுவது டிரக். ஆகவே டிரக்கின் முன் அச்சு எவ்வளவு தாங்கும், தள்ளிய பனியை எங்கே குவிப்பது என்ற இரண்டு கேள்விகளுக்கும் பதில் தெரிந்த பிறகே பிளேடின் பேச்சை எடுக்க வேண்டும்.

முதலில் எடை. முக்கால் டன் வகை (அரை டன், ஒரு டன் என்பவை போல இதுவும் டிரக்கின் எடையல்ல, சுமைத்திறனை ஒட்டிய வழக்குப்பெயர்) பிக்கப்புக்கான பிளேடும் அதன் சட்டமும் சேர்ந்து 350 கிலோ என்று வைத்துக்கொள்வோம். இந்த எடை முன் சக்கரத்துக்கு நேர் மேலே உட்காருவதில்லை. அதற்குச் சுமார் 1.2 மீட்டர் முன்னால் தொங்குகிறது. முன், பின் அச்சுகளுக்கு இடையே 3.6 மீட்டர் இருந்தால், நெம்புகோல் கணக்குப்படி முன் அச்சில் ஏறும் சுமை 350 கிலோ அல்ல, ஏறக்குறைய 467 கிலோ. மிகுதி 117 கிலோ பின் சக்கரங்களிலிருந்து பிடுங்கப்படுகிறது. முன்பக்கம் அமுங்குகிறது, பின்பக்கம் இலேசாகிறது; பிரேக் பிடித்தால் பின் சக்கரம் வழுக்கப் பார்க்கும். இதற்காகத்தான் பின் அச்சுக்கும் பின்னால், டிரக்கின் தொட்டியில் மணல் மூட்டைகளை அடுக்கிக் கட்டுகிறார்கள். பின் அச்சிலிருந்து 1 மீட்டர் தள்ளி 300 கிலோ வைத்தால் முன் அச்சின் சுமையில் 83 கிலோ குறையும், பின் சக்கரங்களில் 383 கிலோ ஏறும். ஓட்டுநர் பக்கக் கதவைத் திறந்தால், தூணில் ஒட்டிய ஒரு சிறிய சீட்டில் முன் அச்சு தாங்கக்கூடிய உச்ச எடை அச்சிடப்பட்டிருக்கும். பிளேடு வாங்குபவர் விலைப்பட்டியலுக்கு முன்னால் படிக்க வேண்டியது அந்தச் சீட்டைத்தான்.

இந்த வரம்பைச் சுற்றிக்கொண்டு போக ஒரு குறுக்குவழி உண்டு என்று சொல்பவர்கள் இருக்கிறார்கள்: முன் ஸ்பிரிங்கை மாற்றி இன்னும் கெட்டியானதைப் போட்டால் போதுமே, பெரிய பிளேடைத் தாங்கிவிடாதா? டிரக்கின் மூக்கு நிமிர்ந்து நிற்கும் என்பது உண்மைதான். ஆனால் சீட்டில் உள்ள எண் ஸ்பிரிங்கை மட்டும் வைத்து வந்ததல்ல. அச்சு, பேரிங், பால் ஜாயின்ட், டயர், பிரேக் எல்லாவற்றையும் கணக்கில் எடுத்துத் தயாரிப்பாளர் நிர்ணயித்தது அது. ஸ்பிரிங்கை மட்டும் மாற்றினால் தொய்வு மறையும், மற்ற பாகங்களின் மேல் ஏறும் பாரம் மறையாது. டிரக்கையே புதிதாக வாங்குபவர்களுக்கு நல்ல வழி, ஆலையிலேயே பனிவேலைக்கென்று தயாராகும் வண்டியைக் கேட்பது. கெட்டியான முன் ஸ்பிரிங், பெரிய ஆல்டர்னேட்டர் போன்றவை அதில் கூடவே வரும். பிளேடை ஏற்றி இறக்கும் ஹைட்ராலிக் பம்ப்புகள் பலவும் மின்மோட்டாரில் ஓடுவதால், ஆல்டர்னேட்டரும் இங்கே அலட்சியம் செய்யக்கூடிய பொருளல்ல.

அடுத்தது பிடிப்பு. 300 குதிரைத்திறனுக்கு மேல் உள்ள எஞ்சின் எதையும் தள்ளிவிடும் என்று தோன்றும். ஆனால் பனி படிந்த தரையில் டயருக்குக் கிடைக்கும் பிடிப்பு, உலர்ந்த தார்ச்சாலையில் கிடைப்பதில் மூன்றில் ஒரு பங்குதான், சில வேளைகளில் அதைவிடவும் குறைவு. பிளேடும் மணல் மூட்டைகளும் சேர்த்து 4 டன் எடையுள்ள டிரக், நான்கு சக்கரமும் இழுத்தாலும், 1 டன் எடைக்குச் சமமான விசையைத்தான் கொடுக்க முடியும். அதற்கு மேல் எஞ்சினை முடுக்கினால் சக்கரம் வெறுமனே சுழலும். எதிரில் இருப்பதையும் பாருங்கள். 30 மீட்டருக்கு 50 மீட்டர் உள்ள கார் நிறுத்துமிடத்தில் 15 சென்டிமீட்டர் பனி விழுந்தால் 225 கன மீட்டர். கன மீட்டருக்கு 100 கிலோ உள்ள புதுப்பனி என்றால் 22.5 டன், ஈரமேறி 300 கிலோவாகக் கனத்தால் 67.5 டன். பிளேடு அகலமாக அகலமாக ஒரு நடையில் அதன் முன் குவியும் பனியும் கூடும், பிடிப்பின் எல்லையும் சீக்கிரம் வந்துவிடும். பிறகு அகலமான பிளேடை வைத்துக்கொண்டு பாதி அகலத்துக்கு மட்டும் தள்ள வேண்டியதுதான்.

அப்படியானால் சிறியதே நல்லதா? அதுவும் இல்லை. பனியை ஓரத்துக்கு ஒதுக்க பிளேடைச் சுமார் 30 பாகை சாய்ப்பார்கள், அப்போது 7.5 அடி பிளேடின் பயனுள்ள அகலம் 6.5 அடியாகச் சுருங்கிவிடும். முழு அளவு பிக்கப் டிரக்கின் உடல் அகலமே ஏறக்குறைய அவ்வளவு. பிளேடு தொடாத பனியை டயர் மிதித்தால் அது இறுகிப் பாறைபோல் தரையில் ஒட்டிக்கொள்ளும். அதனால்தான் முக்கால் டன் டிரக்குக்கு 8 அடி பிளேடு வழக்கமாகிவிட்டது. சாய்த்தாலும் 7 அடி நிற்கும். பின்னால் இரட்டைச் சக்கரம் உள்ள டிரக் என்றால் 9 அடியை நெருங்க வேண்டும். ஆக, பிளேடின் கீழெல்லையை டிரக்கின் அகலமும் மேலெல்லையை முன் அச்சும் தீர்மானித்துவிடுகின்றன. நடுவில் மிஞ்சும் இடைவெளி நாம் நினைப்பதைவிடக் குறுகியது.

அந்த இடைவெளிக்குள் எந்த வடிவம் என்பதை, பனியைக் கொண்டுபோய் வைக்கும் இடம் சொல்லும். நேரான பிளேடு வலமோ இடமோ சாயும். அசையும் பாகங்கள் குறைவு, எடை குறைவு, பழுதும் குறைவு. ஓரமெல்லாம் இடமிருக்கும் நீண்ட டிரைவ்வேக்கும் தனியார் சாலைக்கும் அதுவே போதும். இரண்டு இறக்கைகள் நடுவில் கீலிட்டு இணைந்த வி பிளேடு மூன்று விதமாக மடங்கும்: கூர்முனை முன்னால் இருந்தால் உறைந்த குவியலைப் பிளக்கும், இறக்கைகள் முன்னோக்கி வளைந்தால் பனியைச் சிந்தாமல் அள்ளிச் செல்லும், நேராக நின்றால் சாதாரண பிளேடு. மூன்றாவது வகையில் இரு முனைகளிலும் சிறகுகள் நீண்டும் முன்னோக்கி மடிந்தும் கொடுக்கும். 8 அடி பிளேடு 10 அடியாக விரியும். சுற்றிலும் கட்டடம் சூழ்ந்து, பனியை ஒரே மூலையில்தான் குவிக்க முடியும் என்ற கார் நிறுத்துமிடத்தில், பக்கவாட்டில் சிந்தும் நேரான பிளேடு ஒவ்வொரு நடைக்கும் ஒரு பனி வரப்பை விட்டுச்செல்லும். அதை வழிக்க மறுபடி வர வேண்டும். அங்கே அள்ளும் வடிவங்கள் கூடுதல் விலைக்குப் பயன் தரும்.

வி பிளேடு எல்லாம் செய்யும் என்றால் எல்லோரும் அதையே வாங்கலாமே என்பது நியாயமான கேள்வி. பதில் மறுபடியும் எடையிலேயே இருக்கிறது. அதே அகலமுள்ள நேரான பிளேடைவிட அது கனம். கீல்களும் கூடுதல் ஹைட்ராலிக் சிலிண்டர்களும் சேர்கின்றன. ஒரு டன் டிரக்குக்கு அது பொருட்டல்ல. அரை டன் டிரக்கில் பெரிய வி பிளேடை மாட்டினால் முன் அச்சின் வரம்பு பிளேடோடே தீர்ந்துபோகலாம். அப்புறம் ஓட்டுநரும் துணையாளும் ஏறுவது எங்கே? இலேசான பனியை நேர் கோட்டில் ஒதுக்கும் வேலை மட்டும் இருப்பவருக்கு, மூன்று வடிவங்களில் இரண்டு வீண்செலவு.

அளவும் வடிவமும் முடிவான பிறகுதான் மற்ற நுணுக்கங்கள். பனிக்கடியில் மறைந்திருக்கும் சாக்கடை மூடியிலோ நடைபாதை விளிம்பிலோ பிளேடு மோதினால் அது மடிந்து கொடுக்க வேண்டும். சில வகைகளில் பிளேடு முழுவதும் முன்னோக்கிக் கவிழ்ந்து, ஸ்பிரிங்கால் நிமிரும். மோதும்போது அள்ளிய பனி சிந்தும். மேய்ன் மாநிலத்து ஃபிஷர் நிறுவனம் பெயர்பெற்றது இன்னொரு முறைக்கு: அடியிலுள்ள விளிம்பு மட்டும் மடியும், மேல்பகுதி பனியைப் பிடித்தபடி நிற்கும். குவியல்களோடு மல்லுக்கட்டுபவருக்கு இது வசதி. ஆனால் தடை அந்த விளிம்பைவிட உயரமானால் அடி முழு பிளேடிலும் விழும். தரையை உரசும் விளிம்பு இரும்பானால் இறுகிய பனியைச் சுரண்டும். கல் பாவிய முற்றத்தில் கீறல் விழாமலிருக்க ரப்பரோ யூரித்தேனோ போடுவார்கள். சரளைத் தரையில் பிளேடின் அடியில் தாங்குகட்டை வைத்துச் சற்றே தூக்காவிட்டால், பனியோடு கல்லும் புல்வெளிக்குப் போய்விடும்.

மிக மோசமான புயலை மனதில் வைத்தே கருவி வாங்க வேண்டும் என்ற வாதமும் உண்டு. பஃபலோவின் அனுபவம் அதற்கு எதிராகவே இருக்கிறது. 6 அடிப் பனியில் எந்த பிக்கப் பிளேடும் தேறாது. அந்த நாட்களில் ஊரை மீட்பவை லோடர்களும் டிப்பர் லாரிகளும். பிக்கப் ஒப்பந்தக்காரரின் பிழைப்பு, ஒரு பருவத்தில் பலமுறை விழும் சில அங்குலப் பனியில் இருக்கிறது. பனி விழ விழ இரண்டு மூன்று நடை போய் வந்தால் நடுத்தர பிளேடே அதைச் சமாளிக்கும். அபூர்வப் புயலுக்காக வாங்கிய கனத்த பிளேடோ, புயல் இல்லாத எல்லா நாளும் முன் டயரையும் பால் ஜாயின்டையும் தேய்த்துக்கொண்டிருக்கும். ஆகவே தேர்வின் வரிசை இதுதான்: கதவுச் சீட்டில் உள்ள எண், வழக்கமாகத் தள்ள வேண்டிய இடம், குவிக்கக் கிடைக்கும் மூலை, கடைசியாக பிளேடு. இந்த வரிசையைத் தலைகீழாக்கி பிளேடிலிருந்து தொடங்குபவர், நாளடைவில் அந்த பிளேடுக்காக இன்னொரு டிரக் வாங்க வேண்டியிருக்கும்.