மரத்தில் ஒரு நேரான ஓட்டை

ஸ்டூல் ஒன்று செய்கிறீர்கள். மேல்பலகையில் நான்கு ஓட்டைகள். ஒவ்வொன்றிலும் 45 செ.மீ. நீளமுள்ள கால் இறங்க வேண்டும். அவற்றில் ஒரே ஒரு ஓட்டை 1 டிகிரி சாய்ந்துவிட்டது என்று வைத்துக்கொள்ளுங்கள். பலகையை எவ்வளவு உற்றுப் பார்த்தாலும் அந்தச் சாய்வு தெரியாது. காலைச் செருகிய பிறகுதான் வினை வெளிப்படும். அடிமுனை இருக்க வேண்டிய இடத்திலிருந்து ஏறக்குறைய 8 மி.மீ. விலகி நிற்கும். ஓட்டையில் செய்த பிழை, காலின் நீளத்துக்கேற்பப் பெருகிவிடுகிறது.

கையில் டிரில்லைப் பிடித்துக்கொண்டு ஓட்டை போடும்போது மூன்று காரியங்களைக் கை ஒருசேரக் கவனிக்க வேண்டும்: குறித்த புள்ளியைவிட்டு நகரக் கூடாது, சாயக் கூடாது, வேண்டிய ஆழத்தைத் தாண்டக் கூடாது. பல்லாண்டு பழகிய ஆசாரிக்கு இது கைவந்த கலை. புதிதாக மரவேலை பழகுபவருக்கு மூன்றில் ஒன்றாவது தவறிவிடும். அந்த மூன்றையும் கையிடமிருந்து வாங்கிக்கொள்வதற்காகவே பில்லர் டிரில் இருக்கிறது. ஆளுயரத்துக்குத் தரையில் நிற்பதும் உண்டு; மேசைமேல் வைத்துக்கொள்ளும் சிறிய வகையைப் பெஞ்ச் டிரில் என்பார்கள். கை டிரில்லிலும் மோட்டார் இருக்கத்தான் செய்கிறது. இந்த இயந்திரத்தின் தனித்தன்மை அதன் தூணிலும் மேசையிலும் இருக்கிறது. அதைப் புரிந்துகொண்டால் பாதி வேலை பழகிவிட்ட மாதிரி.

கையின் வேலை இரும்புக்கு மாறிய கதை

சுழற்றித் துளைப்பது மனிதனுக்கு மிகப் பழைய வித்தை. பலூசிஸ்தானின் மெஹர்கரில், 7,500 ஆண்டுகளுக்கும் முற்பட்ட புதைகுழிகளில் கிடைத்த கடைவாய்ப் பற்களில் கல்முனையால் நேர்த்தியாகத் துளையிட்ட தடயங்கள் இருப்பதாக 2006-இல் ‘நேச்சர்’ இதழில் ஆய்வாளர்கள் எழுதினார்கள். நம் தச்சர்கள் வைத்திருந்த துரப்பணத்தை வில்லும் கயிறும் கொண்டு சுழற்றினார்கள். வில் முன்னே போகும்போது ஒரு திசையிலும், பின்னே வரும்போது எதிர்த் திசையிலும் அது சுழலும். முனை சுழன்றதே தவிர, அதை நேராக நிறுத்தும் பொறுப்பு கடைசிவரை கையிடமே இருந்தது.

அந்தப் பொறுப்பு 19-ஆம் நூற்றாண்டில்தான் மெல்ல மெல்ல இரும்புக்கு மாறியது. அமெரிக்கரான ஸ்டீபன் மோர்ஸ், டிரில்லில் மாட்டும் வெட்டுமுனையான பிட்டின் முறுக்கு வடிவத்துக்கு 1863-இல் காப்புரிமை வாங்கினார். அதன் முறுக்குப் பள்ளம், வெட்டிய தூளைத் தானே மேலே ஏற்றிவிடும். ஓரிகன் மாநிலத்தில் துப்பாக்கி செய்துவந்த பெஞ்சமின் ஃபோர்ஸ்ட்னர், அடிப்பகுதி தட்டையாக விழும் பிட்டை 1874-இல் பதிவு செய்தார். பிட்டை மூன்று தாடைகளால் கவ்விப் பிடிக்கும் சக்குக்கு ஆர்தர் ஜேக்கப்ஸ் 1902-இல் காப்புரிமை பெற்றார். பழைய சக்கை ஸ்பேனரால் இறுக்கும்போது விரல்முட்டி சிராய்ந்ததுதான் அவரை யோசிக்க வைத்தது என்று ஒரு கதை உண்டு. இந்த மூவரின் பெயர்களும் இன்றைக்கும் பட்டறைகளில் புழங்குகின்றன.

இன்றைய இயந்திரத்தில் கைக்கு மிச்சமிருப்பது, பக்கத்திலுள்ள மூன்று கம்பிக் கைப்பிடியைத் திருப்பும் வேலை மட்டுமே. திருப்பினால் உள்ளேயிருக்கும் பல்சக்கரம், பல்வரிசையோடு பொருந்தி, சுழலும் தண்டை ஒரே கோட்டில் கீழே இறக்கும். கையை எடுத்தால் ஸ்பிரிங் அதை மேலே இழுத்துவிடும். எவ்வளவு இறங்கலாம் என்பதை முன்கூட்டியே ஒரு நட்டைத் திருகி முடிவு செய்துவிடலாம்.

நாரை முதலில் அறு

இரும்புக்கு எந்தத் திசையும் ஒன்றுதான். மரம் அப்படியல்ல, தென்னை ஈர்க்குகளை இறுகக் கட்டிய கட்டைப் போல, நீளவாக்கில் ஓடும் நார்களின் தொகுப்பு அது. பலகையின் முகத்தில் ஓட்டை போடும்போது பிட் இந்த நார்களைக் குறுக்காக வெட்டுகிறது. ஒரு சுற்றுக்குள் இரண்டு இடத்தில் நாரோடு ஒத்துப்போகிறது, இரண்டு இடத்தில் நாரை எதிர்த்து நிற்கிறது. எதிர்க்கும் இடத்தில் நார் அறுபடாமல் பிய்ந்து வந்தால் அதுவே சிலாம்பு.

இரும்புக்கென்று செய்த சாதாரண பிட்டின் முனை 118 டிகிரி கூம்பு. அது மரத்தைத் தொட்டவுடன் கடினமான ரேகையில் வழுக்கி, மெத்தென்ற ரேகைக்கு நகர்ந்துவிடப் பார்க்கும். மரத்துக்கென்றே விற்கும் பிட்டை வாங்கிக் கண்ணருகே வைத்துப் பாருங்கள். நடுவில் ஊசிபோல ஒரு முள் இருக்கும். இரு ஓரங்களிலும் கத்திபோல இரண்டு சிறு கூர்கள் இருக்கும். நடுமுள் முதலில் இறங்கி இடத்தைப் பிடித்துக்கொள்கிறது. ஓரக் கூர்கள் வட்டத்தின் விளிம்பில் நாரை அறுத்துவிடுகின்றன. அதன் பிறகே உள்பக்க வெட்டு விளிம்பு சீவிக்கொண்டு வருகிறது. மூன்றும் வரிசை தவறாமல் நடப்பதால்தான் ஓட்டையின் வாய் சுத்தமாக இருக்கிறது.

வாய் சுத்தமாக இருந்தாலும் பின்பக்கம் கெடலாம். பிட் வெளியே வரும் கடைசி நொடியில் மிஞ்சியிருக்கும் மெல்லிய நார்களுக்கு அடியில் தாங்க ஒன்றுமில்லை; அறுபடுவதற்கு முன் வளைந்து, பிளந்து, பெயர்ந்துவிடும். பிளைவுட்டின் மேல்தாள் இதில் மிக மோசமாகப் பெயரும். பலகைக்கு அடியில் ஒரு கழிவுக் கட்டையை ஒட்டினாற்போல வைத்து அதற்குள்ளும் சற்று இறங்கும்படி துளைத்தால், அந்தக் கட்டை நாரைத் தாங்கிப் பிடிக்கும். பின்பக்கமும் முன்பக்கம் போலவே வரும். மேசையின் இரும்பில் பிட் மோதாமல் காப்பதும் அதே கட்டைதான்.

வேகம் எவ்வளவு?

நம் நாட்டு மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். அதில் ஓடும் நான்கு துருவ மோட்டார், சுமையோடு நிமிடத்துக்குச் சுமார் 1,440 சுற்று சுற்றும். மோட்டாரின் வேகம் மாறாது. மூடியைத் திறந்து, படிப்படியாக இருக்கும் புல்லிகளில் பெல்ட்டை ஏற்றி இறக்கித்தான் பிட்டின் வேகத்தை மாற்ற வேண்டும். மோட்டார் பக்கம் 5 செ.மீ. புல்லியும் தண்டின் பக்கம் 12 செ.மீ. புல்லியும் இருந்தால் பிட் 600 சுற்று சுற்றும். அப்படியே மாற்றிப் போட்டால் 3,456 சுற்று.

மரத்தை வெட்டுவது பிட்டின் விளிம்பு. ஆகவே ஒரு நிமிடத்தில் விளிம்பு எத்தனை மீட்டர் ஓடுகிறது என்று பார்க்க வேண்டும். 6 மி.மீ. பிட் 3,456 சுற்றில் சுழலும்போது விளிம்பு நிமிடத்துக்கு 65 மீட்டர் ஓடுகிறது. 35 மி.மீ. பிட்டை 600 சுற்றில் ஓட்டினால் 66 மீட்டர். பார்வைக்கு ஒன்று பறக்கிறது, மற்றொன்று ஊர்கிறது. மரத்துக்கு இரண்டும் ஒன்றே. அந்தப் பெரிய பிட்டை மறந்துபோய் 3,456 சுற்றிலேயே ஓட்டிவிட்டால் விளிம்பு நிமிடத்துக்கு 380 மீட்டர் பாயும். வெட்டுவதைவிட உரசுவது அதிகமாகும்.

உராய்வின் வெப்பம் போக இடமில்லாமல் தவிக்கும். மரம் வெப்பத்தை எளிதில் கடத்தாது. தூள் வெளியேறினால் அதோடு கொஞ்சம் போகும். மிச்சமெல்லாம் பிட்டில் ஏறும். 200 டிகிரி செல்சியஸைத் தாண்டும்போது மரத்தின் பொருள்கள் சிதைந்து கருகத் தொடங்கும். கருகல் வாசனை வந்தால் வேகம் அதிகம், அல்லது பிட் மழுங்கிவிட்டது, அல்லது தூள் அடைத்துக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஆழமான ஓட்டையில் ஒரேயடியாக அழுத்தாமல், சற்று இறக்கி, பிட்டை வெளியே தூக்கித் தூளை உதறவிட்டு, மறுபடி இறக்குவதே முறை. தேக்கில் மணல்சத்தான சிலிக்கா இருப்பதால் அது பிட்டைச் சீக்கிரம் மழுக்கும். கையை மெதுவாக அழுத்தினால் பிட்டுக்கு நல்லது என்று நினைப்பதும் சரியல்ல. சீவல் சீவலாக வராமல் மாவாக வந்தால், பிட் வெட்டாமல் தேய்க்கிறது.

பலகை ஏன் சுழல்கிறது?

அரை ஹெச்.பி. மோட்டாரின் திறன் சுமார் 373 வாட். 600 சுற்றில் அது தரும் முறுக்குவிசை ஏறக்குறைய 6 நியூட்டன் மீட்டர். பிட் மரத்தில் மாட்டிக்கொண்டால் இந்த முறுக்கு முழுதும் பலகைக்குத் திரும்பும். ஓட்டையிலிருந்து 40 செ.மீ. தள்ளி நீளப் பலகையைப் பிடித்திருந்தால் ஒன்றரை கிலோ எடையைத் தாங்குகிற விசை போதும். கைக்கு அடங்குகிற சிறு கட்டையை 5 செ.மீ. தள்ளிப் பிடித்திருந்தால் 12 கிலோ வேண்டும். அதுவும் கண்ணிமைக்கும் நேரத்தில். இறுகி நிற்கும் தருணத்தில் மோட்டார் தன் வழக்கமான முறுக்கைவிடக் கூடுதலாகவே தரும். சிறு துண்டுதான் ஆபத்து என்று பட்டறையில் சொல்வதன் கணக்கு இதுதான். சிறு துண்டை வைஸில் இறுக்கி, வைஸை மேசையோடு முடுக்க வேண்டும்.

நீளப் பலகைக்கும் ஓர் உபாயம் உண்டு. மேலிருந்து பார்த்தால் பிட் கடிகார முள் திசையில் சுழல்கிறது. பலகையையும் அதே திசையில் இழுக்கும். பலகையின் ஒரு முனை தூணுக்கு இடப்பக்கம் தொட்டுக்கொண்டிருக்கும்படி வைத்துவிட்டால், இழுபட்ட பலகை தூணில் முட்டி நின்றுவிடும். வலப்பக்கம் வைத்தால் தூணைவிட்டு விலகிச் சுழன்று, முன்னால் நிற்பவரின் வயிற்றைத் தேடி வரும்.

கையுறை மற்ற வேலைகளுக்குக் காப்பு. இங்கே அதுவே பகை. அதன் நுனி பிட்டில் சுற்றினால் விரலையும் சேர்த்து இழுக்கும். தோளில் துண்டு, துப்பட்டா, தொளதொளத்த கைச்சட்டை, வளையல், அவிழ்ந்த கூந்தல் எல்லாம் இதே கணக்கு. சக்கை இறுக்கும் சாவியை, இறுக்கிய கையோடு கழற்றிவிட வேண்டும். செருகியபடியே சுவிட்சைப் போட்டால் அது தெறித்துப் பறக்கும். கண்ணாடி அணியுங்கள்; எம்.டி.எஃப். துளைத்தால் முகக்கவசமும் கட்டாயம்.

ஒரு கதவு, ஒரு கீல்

அலமாரிக் கதவில் ஆட்டோ ஹிஞ்ச் எனும் கீலைப் பொருத்துவதைப் போல இந்த இயந்திரத்தின் முழுப் பயனையும் காட்டும் வேலை வேறில்லை. கீலின் கிண்ணத்துக்கு 35 மி.மீ. அகலம், 12 அல்லது 13 மி.மீ. ஆழம் வேண்டும். கதவோ 18 மி.மீ. பிளைவுட். மிஞ்சுவது 5 அல்லது 6 மி.மீ. மட்டுமே, பிட்டின் நடுமுள் அதிலும் கொஞ்சத்தைத் தின்னும். சற்றுக் கூடுதலாக அழுத்தினால் கதவின் முகத்தில் ஒட்டிய சன்மைக்காவில் மேடு தட்டிவிடும்.

முதலில் பிளக்கைப் பிடுங்கிவிட்டு மேசையைச் சோதியுங்கள். தடித்த கம்பி ஒன்றை வளைத்துச் சக்கில் மாட்டி, அதன் நுனி நடுக்கோட்டிலிருந்து 10 செ.மீ. தள்ளி மேசையைத் தொடுமாறு வைத்து, கையால் ஒரு சுற்று சுற்றுங்கள். இடப்பக்கம் உரசி, வலப்பக்கம் 1 மி.மீ. இடைவெளி விட்டால், மேசை சுமார் 0.3 டிகிரி சாய்ந்திருக்கிறது. அடியிலுள்ள போல்ட்டைத் தளர்த்திச் சரிசெய்து, மறுபடி இறுக்குங்கள்.

இரண்டாவது, ஆழம். பலகையின் பக்கவாட்டில், ஓட்டை விழும் முகத்திலிருந்து 12.5 மி.மீ. கீழே கோடு போட்டு, பலகையை மேசைமேல் வைக்கும் கழிவுக் கட்டையின் மீதே நிறுத்தி, பிட்டின் வெட்டு விளிம்பை அந்தக் கோடுவரை இறக்கி, ஆழ நட்டைப் பூட்டுங்கள். மூன்றாவது, இடம். ஓட்டையின் விளிம்புக்கும் கதவின் ஓரத்துக்கும் 5 மி.மீ. விட வேண்டுமென்றால், நடுமுள்ளிலிருந்து 22.5 மி.மீ. தள்ளி நேரான சட்டம் ஒன்றை மேசைமேல் கிளாம்ப் போட்டு நிறுத்துங்கள். அதன் அடிமூலையை இழைப்புளியால் லேசாகச் சரித்துவிடுவது நல்லது. இல்லாவிட்டால் அந்த மூலையில் மரத்தூள் சேர்ந்து, இரண்டாவது கதவு அரை மில்லிமீட்டர் தள்ளி நிற்கும்.

இதற்குப் பிறகுதான் சுவிட்ச். பத்துக் கதவு இருந்தாலும் ஒவ்வொன்றையும் சட்டத்தில் அணைத்து, குறியை முள்ளுக்கு நேரே கொண்டுவந்து, கைப்பிடியை இறக்கினால் போதும். முதல் ஓட்டைக்கு அரைமணி நேரம் ஆகலாம். மீதியெல்லாம் நிமிடக் கணக்கு.

வாங்கும்போது

நம் கடைகளில் 13 மி.மீ., 20 மி.மீ. என்று, சக் கவ்வும் பிட்டின் அளவை வைத்துத்தான் இயந்திரத்தைச் சொல்வார்கள். அது இரும்பு வேலைக்காரரின் அளவு. மரவேலைக்கு இன்னொரு கேள்வியும் கேட்க வேண்டும்: தூணிலிருந்து சக்கின் நடுவுக்கு எவ்வளவு தூரம்? அது 10 செ.மீ. என்றால், 20 செ.மீ.க்கு மேல் அகலமான பலகையின் நடுவில் உங்களால் ஓட்டை போட முடியாது. தண்டை முழுதாக இறக்கி, சக்கைப் பிடித்துப் பக்கவாட்டில் அசைத்துப் பாருங்கள். கைக்கே ஆட்டம் தெரிந்தால் வேறு இயந்திரத்தைப் பாருங்கள். பிட்டைப் பக்கவாட்டில் தள்ளிக் கடைகிற வேலைக்கு இது ஆகாது என்பதையும் நினைவில் வையுங்கள். பெரும்பாலான இயந்திரங்களில் சக் ஒரு கூம்புத் தண்டில் வெறும் உராய்வால்தான் பிடித்து நிற்கிறது. பக்கவிசை பட்டால் கழன்று விழும்.

வீட்டுக்குக் கொண்டுவந்ததும் செய்ய வேண்டிய முதல் பொருள் இயந்திரத்துக்கே ஒரு மரமேசை. இரும்பு மேசை சிறியது. கிளாம்ப் போடவும் வசதிப்படாது. 60 செ.மீ. நீளம், 40 செ.மீ. அகலத்தில் 18 மி.மீ. பிளைவுட் வெட்டி, போல்ட்டுக்கு நான்கு ஓட்டை போட்டு, நடுவில் தேயத் தேய மாற்றிக்கொள்ளும் ஒரு சதுரத் துண்டையும், பின்னால் நகரும் சட்டத்தையும் பொருத்திவிடுங்கள். பிட் தேர்வு, பெல்ட் மாற்றம், ஆழ நட்டு, கிளாம்ப் எல்லாம் இந்த ஒரு வேலையிலேயே கைக்குப் பழகிவிடும். பிழை வந்தால் கெடுவது விலையுயர்ந்த தேக்கு அல்ல, ஒரு பிளைவுட் துண்டு, இன்னொன்று வெட்டிக்கொள்ளலாம்.