ஞாயிற்றொளியில் இயங்கும் கடல் மிதவைகள்

கொழும்பு நகரின் மேற்கெல்லை கடலே. வெள்ளவத்தையிற் புகைவண்டிப் பாதையைக் கடந்தால் உடனே அலைகள். கொட்டாஞ்சேனையிலிருந்து சற்று மேற்கே இறங்கினால் துறைமுகம். அதற்கு வடக்கே களனி கங்கையின் கழிமுகம். இந்நகர மாந்தர் நாள்தோறும் கடலைக் காண்கின்றனர். எனினும், கரையிலிருந்து நூறு மைல் தொலைவில் இப்பொழுது காற்று எவ்வளவு கடுமையாக வீசுகின்றது, அலை எவ்வளவு உயர எழுகின்றது, நீரின் வெப்பநிலை யாது என்று வினவின், கரையில் நிற்போர் அதற்கு விடை கூறல் இயலாது. நிலத்தின்மேல் ஊர்தோறும் மழைமானி வைத்தல் எளிது. கடலின்மேல் குடியிருப்பார் இலர், ஆதலால் அளப்பாரும் இலர். ஆயினும் இலங்கைக்கு மழை தரும் முகிலும் அழிவு தரும் புயலும் பெரும்பாலும் அக்கடலின்மேலேயே உருவாகின்றன. இக்குறையை நீக்குவதற்குத் தோன்றிய கருவிகளுள் ஒன்றே, ஞாயிற்றொளியால் மின்வலுப் பெற்றுத் தானே இயங்கும் தரவு மிதவையாகும்.

கடலின் போக்கை அறியும் முயற்சி புதியதன்று. சோளகம், வாடை, கொண்டல், கச்சான் எனக் காற்றுக்குத் திசைதோறும் பெயரிட்டு, அவை மாறும் காலத்தை அறிந்து தொழில் செய்தவர் நம் கரையோர மக்கள். கொழும்பில் வானிலை அவதான நிலையம் 1907ஆம் ஆண்டு நிறுவப்பட்டது. கடலின் நடுவே நிகழ்வனவற்றை அறிதற்கு அக்காலத்திற் கப்பல்களே துணையாயின. மாலுமிகள் காற்றையும் அமுக்கத்தையும் அளந்து குறித்துக் கொடுத்தனர். ஆனால், இம்முறையிற் பெருங் குறையொன்று உண்டு. கப்பல்கள் தமக்குரிய வழித்தடங்களிலேயே செல்வன. புயல் வருமென்று அறிந்தால் மாலுமி அவ்விடத்தை விட்டு விலகுவான். எனவே, அளவை மிக இன்றியமையாத இடத்திலும் வேளையிலும் அளப்பவர் இல்லாது போயினர்.

இக்குறையால் விளையும் துன்பம் சிறிதன்று. 1978 நவம்பர் 23ஆம் நாள் மட்டக்களப்பைத் தாக்கிய சூறாவளியைக் கிழக்கிலங்கை இன்னும் மறக்கவில்லை. 2013 சூன் 8ஆம் நாள், சோளகப் பருவத்தின் தொடக்கத்தில், மேற்கு, தென்மேற்குக் கரைகளை அடுத்த கடலிற் கடுங்காற்று எழுந்தபோது நாற்பதுக்கு மேற்பட்ட மீனவர் உயிரிழந்தனர். 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' சூறாவளியின் மழையாற் களனி பெருகிக் கொழும்பின் தாழ்நிலங்களை மூழ்கடித்தது. நாடெங்கும் அறுநூறுக்கு மேற்பட்டோர் மாண்டனர். கடற்காற்றின் மாற்றத்தைச் சில மணி நேரம் முன்னதாக அறிதல் மீனவனுக்கு உயிர்ப்பிச்சையாகும். ஆகவே மிதவை பற்றிய ஆராய்ச்சி, அறிஞர்க்கு மட்டும் உரியதோர் ஆர்வமன்று.

இனி மிதவையின் அமைப்பை நோக்குவாம். ஆழ்கடல் மிதவையின் உடல் பெரும்பாலும் வட்டத் தட்டு வடிவினது. அதன் அடியிலிருந்து நீண்ட கயிறு கடற்றரைக்குச் சென்று, அங்கே பாரமான நங்கூரத்தோடு பிணைக்கப்பட்டிருக்கும். வங்காள விரிகுடாவின் நடுவே கடலின் ஆழம் இரண்டு, மூன்று கிலோமீற்றரையும் கடந்து செல்லுமாதலின் கயிறும் அதற்கேற்ற நீளம் உடையதாதல் வேண்டும். கயிறு இறுக்கமாயின் அலையின் வலுவால் அறும். மிகத் தளர்வாயின் மிதவை நெடுந்தொலைவு அலையும். இவ்விரண்டுக்கும் நடுவே அதன் நீளத்தைக் கணித்தல் பொறியியலாளரின் திறமையாகும். உடலின்மேல் எழும் சிறு கோபுரத்தில், நீர்மட்டத்திலிருந்து ஏறத்தாழ மூன்று மீற்றர் உயரத்தில் காற்றுமானி இருக்கும். அமுக்கம், காற்றின் வெப்பநிலை, ஈரப்பதன், மழை, ஞாயிற்றுக் கதிர்வீச்சு ஆகியவற்றை அளக்கும் கருவிகளும் அக்கோபுரத்திலேயே பொருத்தப்படும்.

கோபுரத்தைச் சூழ அமைந்த சூரியக்கலத் தட்டுக்களே மிதவைக்கு உணவளிப்பன. நடுக்கடலுக்கு மின்கம்பி கொண்டு செல்லல் இயலாது. மின்கலங்களை மட்டும் நம்பினால், அவை தீர்ந்தவுடன் பெருஞ்செலவிற் கப்பல் அனுப்பி மாற்றுதல் வேண்டும். 1954ஆம் ஆண்டு அமெரிக்காவின் பெல் ஆய்வுகூடத்திற் பயன்தரத்தக்க சிலிக்கன் சூரியக்கலம் உருவாயிற்று. 1958இல் அது செய்மதியில் ஏறி விண்ணுக்குச் சென்றது. விண்ணிற்போலவே, மனிதன் அடிக்கடி சென்று காணமுடியாத கடலிலும் அது பெரிதும் பயன்பட்டது. பகலிற் பெறும் ஒளியின் ஒரு பகுதி கருவிகளை இயக்கும். எஞ்சியது மீள்மின்னேற்றக் கலங்களிற் சேமிக்கப்பட்டு இரவிலும் முகில் மூடிய நாள்களிலும் பயன்படும். இலங்கையைச் சூழ்ந்த கடல் நிலநடுக்கோட்டுக்கு அண்மையில் இருப்பது இதற்கு நல்வாய்ப்பாகும். கொழும்பின் அகலாங்கு ஏறத்தாழ 7 பாகை. இங்கே ஆண்டின் மிக நீண்ட பகலுக்கும் மிகக் குறுகிய பகலுக்கும் உள்ள வேறுபாடு ஒரு மணிக்கும் குறைவு. ஆயினும் பல நாள் தொடர்ந்து வானம் மூடியிருக்கும் பருவமழைக் காலத்திலேயே மிதவையின் செய்தி மிகுதியும் வேண்டப்படும். ஆகவே மிதவையை வகுப்போர், ஒளி மிக்க நாளை விடுத்து இருண்ட வாரத்தையே கணக்கிற் கொள்வர்.

அலையை அளக்கும் முறை வியப்புக்குரியது. அலையோடு ஏறியிறங்கும் மிதவைக்குத் தன் உயரத்தை ஒப்பிட்டறிய நிலையான அடையாளம் எதுவும் இல்லை. எனவே அதனுள் இருக்கும் கருவி, மேல்கீழாக நிகழும் ஆர்முடுகலை அளக்கும். அவ்வளவையை இருமுறை தொகையிட்டால் மிதவை எவ்வளவு உயர்ந்தது, எவ்வளவு தாழ்ந்தது என்பது புலனாகும். பாடசாலையில் மாணவர் கற்கும் நுண்கணிதமே இங்கே மாலுமிக்குக் காவலாகின்றது. நீரின் கீழும் கருவிகள் உண்டு. நங்கூரக் கயிற்றின் மேற்பகுதியிற் பல ஆழங்களில் வெப்பநிலையையும் உவர்த்தன்மையையும் அளக்கும் கருவிகள் கட்டப்படும். அப்பகுதி, காப்பிட்ட உருக்குக் கம்பிக்கயிறாகும். கருவிகளின் அளவைகள் மின்தூண்டல் முறையால் அக்கம்பி வழியே மேலேறி மிதவையை அடையும். அங்கே உள்ள சிறு கணினி அவற்றைத் தொகுத்துச் செய்மதிக்கு அனுப்ப, செய்மதி கரையிலுள்ள நிலையத்துக்கு உய்க்கும். நடுக்கடலிற் பிறந்த செய்தி சிறிது நேரத்திற் கரையேறி விடுகின்றது.

ஆழ்கடல் மிதவைகளின் பயனை உலகுக்கு உணர்த்தியது பசிபிக் சமுத்திரமாகும். 1982, 1983ஆம் ஆண்டுகளிற் பெரும் 'எல் நினோ' தோன்றியபோது, அது முதிரும் வரையில் அறிஞர் அதனை நன்கு உணரவில்லை. அந்நிகழ்ச்சியின் விளைவாக நிலநடுக்கோட்டை ஒட்டி ஏறத்தாழ எழுபது மிதவைகளைக் கொண்ட அணி படிப்படியாக நிறுவப்பட்டு 1994இல் நிறைவெய்தியது. இந்துசமுத்திரத்துக்கு இத்தகைய காவல் பிந்தியே வந்தது. இந்திய அரசு 1993இற் சென்னையில் நிறுவிய தேசியக் கடல் தொழில்நுட்ப நிறுவனம், வங்காள விரிகுடாவிலும் அராபிக் கடலிலும் மிதவைகளை நிறுத்திப் பேணி வருகின்றது. 'ஓம்னி' எனப் பெயர்பெற்ற அதன் மிதவைகள் 500 மீற்றர் ஆழம் வரை நீரின் இயல்பை அளக்க வல்லன. 2004ஆம் ஆண்டில், ஆபிரிக்க, ஆசிய, அவுஸ்திரேலியப் பருவக்காற்றுக்களை ஆராய்வதற்கெனப் பல நாடுகள் கூடி 'ராமா' என்னும் மிதவை அணியைத் தொடங்கின. அவ்வணியின் ஒரு வரிசை 80.5 பாகைக் கிழக்கு நெட்டாங்கில் அமைந்துள்ளது. இலங்கையின் தென்கோடியாகிய தேவேந்திரமுனையிலிருந்து நேர் தெற்கே கோடு கிழித்தால், அது ஏறத்தாழ அவ்வரிசையின் வழியே செல்லும்.

இலங்கை இவ்வாராய்ச்சியில் தனிச்சிறப்பான இடத்தைப் பெறுகின்றது. கங்கை, பிரமபுத்திரா, ஐராவதி முதலிய பேராறுகளின் நன்னீர் கலப்பதால் வங்காள விரிகுடாவின் மேல்நீர் உவர் குறைந்தது. அராபிக் கடலின் நீரோ உவர் மிக்கது. சோளகக் காலத்தில் இலங்கையின் தெற்கே கிழக்கு நோக்கிச் செல்லும் நீரோட்டம் உவர் மிக்க நீரை விரிகுடாவுக்குள் கொண்டு செல்கின்றது. வாடைக் காலத்தில் ஓட்டம் மேற்கே திரும்பி உவர் குறைந்த நீரை அராபிக் கடலுக்கு எடுத்துச் செல்கின்றது. இரு கடல்களும் தம்முள் நீரைப் பண்டமாற்றுச் செய்யும் வாயிலில் இத்தீவு நிற்கின்றது. இஃது உவர்ப்பைப் பற்றிய செய்தி மட்டும் அன்று. உவர் குறைந்த நீர் இலேசானதாகையால் மேலே தங்கும். கீழுள்ள குளிர்நீரோடு எளிதிற் கலவாது. ஞாயிற்றின் வெப்பம் அம்மென்படையிலே தங்க, அதன்மேல் வரும் புயல் வலுவிழவாது கரையை அடைதல் கூடும். செய்மதி கடலின் மேற்பரப்பை மட்டுமே காணும். கீழே எவ்வளவு வெப்பம் மறைந்துள்ளது என்பதை நீருக்குள் இறங்கிய கருவியே நேரில் அறியும். செய்மதி கணிக்கும் காற்றின் அளவு சரியானதா என்று ஒப்புநோக்குதற்கும் மிதவையே அளவுகோலாகின்றது.

கரைக்கு அண்மையில் நிறுத்தப்படும் சிறு மிதவைகள் வேறு பணி ஆற்றுவன. நீரின் கலங்கல், கரைந்த ஒட்சிசன், அமிலத்தன்மை முதலியவற்றை அவை இடையறாது அளக்கும். 2021 மே மாதம் கொழும்புத் துறைமுகத்துக்கு அப்பால் 'எக்ஸ்பிரஸ் பேர்ள்' என்னும் கப்பல் தீப்பற்றி, சூன் 2ஆம் நாள் மூழ்கத் தொடங்கியபோது, அதிலிருந்த பிளாத்திக்கு மணிகள் மேற்குக் கரையெங்கும் ஒதுங்கின. அத்தகைய வேளையில் மாசு எத்திசையில் பரவும் என்று முன்னறிதற்கு நீரோட்டமும் காற்றும் தெரிந்திருத்தல் வேண்டும். நேர்ந்த கேட்டினை மதிப்பதற்கு முன்னைய நாள்களில் நீர் இருந்த நிலையும் தெரிந்திருத்தல் வேண்டும். முன்னிலை அறியாதவன் கேட்டின் அளவை நிறுவ முடியாது. களனியின் கழிமுகத்தருகே காக்கைத்தீவில் தேசிய நீர்வாழ் வளங்கள் ஆராய்ச்சி நிறுவனம் அமைந்திருப்பது இவ்வகையிற் பொருத்தமே.

இத்துணைப் பயனுடைய மிதவைக்கு இடையூறுகளும் பல. சூரியக்கலத்தின்மேல் உப்பும் பறவை எச்சமும் படியும்; நீருள் இருக்கும் கருவிகளிற் சிப்பியும் பாசியும் பற்றும். ஆதலாற் கப்பல் குறித்த காலத்திற் சென்று அவற்றைச் செப்பனிட்டே தீர வேண்டும். பசிபிக் அணியைப் பேணிய அமெரிக்கக் கப்பல் 2012இற் பணியிலிருந்து நீக்கப்பட்டபின், 2014இன் தொடக்கத்தில் அவ்வணியின் தரவு பாதிக்கும் குறைவாகச் சுருங்கிற்று. ஞாயிறு கூலியின்றி ஒளி தரும். மனிதனின் பராமரிப்புக்குச் செலவு உண்டு. செலவைக் குறைத்த அரசு, குறைத்தவுடனே பயனின் இழப்பையும் கண்டது.

மற்றோர் இடையூறு எண்ணத்தக்கது. மிதக்கும் பொருளின் நிழலில் மீன்கள் கூடுவது இயற்கை. அதனை அறிந்த மீனவர் மிதவையை நாடி வருவர். படகை அதனோடு பிணைப்பர். வலையும் தூண்டிலும் நங்கூரக் கயிற்றிற் சிக்கும். சூரியக்கலங்களையும் கருவிகளையும் கழற்றிச் செல்வாரும் உளர். இந்துசமுத்திரத்தில் மிதவைகள் செயலிழப்பதற்கு இது பெருங் காரணமெனப் பல நாட்டாரும் கண்டுள்ளனர். ஆயினும் கடலில் வறுமையோடு போராடும் தொழிலாளியைப் பழித்தல் தீர்வாகாது. அம்மஞ்சள் மிதவை யாருடையது, எதற்காக நிற்கின்றது என்று அவனுக்கு எவரேனும் எடுத்துரைத்தனரா என்பதே முதற்கேள்வி. சென்னை நிறுவனத்தார் கரையோர ஊர்களுக்குச் சென்று மீனவரோடு பேசி விளக்க முற்பட்டது இதனாலேயே.

மிதவை புயலைத் தடுப்பதில்லை. எச்சரிக்கையையும் தானே கூறுவதில்லை. அது அளவை மட்டுமே அனுப்பும். அவ்வளவையை ஆராய்ந்து எச்சரிக்கையாக்குதல் வளிமண்டலவியலாரின் கடன்; அவ்வெச்சரிக்கை மீனவனுக்கு விளங்கும் மொழியில், தமிழிலும் சிங்களத்திலும், படகு புறப்படுமுன் சென்று சேருதல் அரசின் கடன். இத்தொடரில் ஒரு கண்ணி அறினும் முழுமுயற்சியும் வீணாகும். தன் சொல் பயனுற்றது என்று கண்டறிந்த மீனவன், மிதவையின் கயிற்றை அறுக்கமாட்டான். பிறர் அறுக்கவும் விடமாட்டான். ஞாயிற்றொளி மிதவையை இயக்குவது உண்மையே. ஆயினும் அதனைக் கடலில் நிலைநிறுத்துவது, அதனாற் காக்கப்படுவோரின் அறிவும் நம்பிக்கையுமே ஆகும்.